சுண்டெலி இன்டர்லூக்கின்-10 வேலை செய்யவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் முறை

"மேடம், ஐஎல்-10 கெட்டுவிட்டது. டிஎன்எஃப் கொஞ்சமும் குறையவில்லை."

மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களோடு வேலை செய்யும் ஆய்வு மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கொண்டுவரும் புகார் இது. எல்பிஎஸ் என்ற பாக்டீரியா நச்சு பட்டால் இந்தச் செல்கள் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்கும்; ஐஎல்-10, அதாவது இன்டர்லூக்கின்-10, அந்தச் சுரப்பை அடக்க வேண்டும். குப்பி விலை உயர்ந்தது. மறுபடி வாங்க வேண்டுமென்றால் கொள்முதல் கோப்பு நகர்ந்து, சரக்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் அந்த மாணவரின் அரையாண்டு அறிக்கைக்கு நாள் நெருங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் தடம் பிடித்துப் போனால் குற்றவாளி குப்பியாக இருப்பது அரிது. எலைசாவின் (புரதத்தை ஆன்டிபாடியால் அளக்கும் சோதனை) அளவுகோல், எல்பிஎஸ் அளவு, தண்ணீர், அல்புமின், பிளாஸ்டிக் குழாய், ஃப்ரீசர், செல்கள் ஆகிய ஏழில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும். குப்பியைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கீழே சொல்வதெல்லாம் ஈ.கோலி பாக்டீரியாவில் தயாரித்து, உறையவைத்து உலர்த்திய தூளாக வரும் சுண்டெலி ஐஎல்-10 புரதத்தைப் பற்றியது. கரைப்பது, சேமிப்பது பற்றிய பகுதிகள் மற்ற சைட்டோகைன்களுக்கும் (செல்களிடையே செய்தி கடத்தும் புரதங்கள்) பெரும்பாலும் பொருந்தும். பொருந்தாத ஓர் இடத்தை அங்கேயே சொல்லியிருக்கிறேன்.

## எதையும் தொடும் முன்: ஏழு குழிகள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் 96 குழி பிளேட்டில் இந்த ஏழையும் மும்மூன்றாகப் போட்டுவிடுங்கள். மொத்தம் 21 குழிகள், ஒரு நாள் வேலை. பிறகு ஊகத்துக்கு இடம் குறைந்துவிடும்.

1. வளர்ப்பு ஊடகம் மட்டும்
2. எல்பிஎஸ் மட்டும்
3. ஐஎல்-10, அதன்பின் எல்பிஎஸ்
4. ஐஎல்-10 மட்டும்
5. கொதிக்கவைத்த ஐஎல்-10, அதன்பின் எல்பிஎஸ்
6. கொதிக்கவைத்த ஐஎல்-10 மட்டும்
7. புரதம் கலக்காத கரைப்பான் மட்டும், அதாவது நீங்கள் பயன்படுத்திய அதே பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்), அதே அல்புமின்

கொதிக்கவைக்க, மூடி திருகும் குழாயில் 95 டிகிரியில் 20 நிமிடம் போதும். புரதம் குலைந்துவிடும், எண்டோடாக்சின் (மாசாக வந்து சேரும் எல்பிஎஸ்) அந்தச் சூட்டுக்கு அசையாது. இந்த வேறுபாடுதான் இந்த வழிமுறை முழுவதற்கும் அச்சாணி. ஐந்தாவது, ஆறாவது குழிகளை வீண்செலவு என்று விட்டுவிடும் மாணவர்கள் நிறைய. தயவுசெய்து விடாதீர்கள்.

தொடக்க அளவு: ஐஎல்-10 மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம், எல்பிஎஸ் மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம். ஐஎல்-10 கொடுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து எல்பிஎஸ். ஆறு மணி நேரம் கழித்து மேல்திரவத்தை எடுங்கள்.

## அறிகுறி: குப்பி காலியாகத் தெரிகிறது

பெரும்பாலும் காலி இல்லை. 5 மைக்ரோகிராம் தூள் கண்ணுக்குத் தெரியாது. குப்பியின் சுவரிலோ மூடியின் உட்புறத்திலோ மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும்.

திறக்கும் முன் குப்பியை அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள். சென்னைக் காற்றில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியின் மேல் நிமிடத்தில் நீர் கோத்துக்கொள்ளும். அவசரமாகத் திறந்தால் அந்த ஈரம் கழுத்து வழியாக உள்ளே போகும். வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு, சிறிய சென்ட்ரிஃபியூஜில் அரை நிமிடம் சுற்றி, அதன் பிறகே மூடியைத் திறக்க வேண்டும். கரைப்பானைச் சுவர் வழியாக இறக்கி, மூடியின் உட்புறமும் நனையும்படி மெதுவாகச் சாய்த்துச் சுழற்றுங்கள். வோர்டெக்ஸ் கருவியில் வைக்காதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே இருக்கட்டும்.

கரைத்த பிறகும் சந்தேகம் இருந்தால், சிறு துளியை ஐஎல்-10 எலைசாவில் போட்டுப் பார்த்துவிடலாம். எலைசாவும் ஒன்றும் இல்லை என்று சொன்னால் அன்றைக்கே விற்பனையாளருக்கு எழுதுங்கள்.

## அறிகுறி: பெட்டி வந்தபோது ஐஸ் உருகியிருந்தது

மே மாதத்தில் இது வாடிக்கை. விமானச் சரக்கு வார இறுதியில் தங்கிவிட்டால் ஜெல் பைகள் வெதுவெதுப்பாகத்தான் வந்து சேரும்.

உலர்ந்த தூள் என்றால் பதற வேண்டாம். சில நாள் அறை வெப்பநிலையைத் தூள் தாங்கும். உடன் வந்த தாளில் அனுமதித்த வெப்பநிலையைப் பாருங்கள். சில நிறுவனங்கள் ஐஸ் இல்லாமலே அனுப்புகின்றன. பெட்டியைப் படம் எடுத்து, வந்த தேதியை எழுதி, உடனே மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள்.

திரவமாக வந்த புரதம் என்றால் கதை வேறு. உலர்பனிக்கட்டியில் வந்திருக்க வேண்டிய திரவம் உருகி வந்திருந்தால் திறக்காமலே புகார் கொடுங்கள். திறந்து சோதித்துவிட்டால் பிறகு வாதாடுவது கடினம்.

## அறிகுறி: கரைத்ததும் கலங்கல், அல்லது நூல் போல் மிதக்கிறது

எந்தத் திரவத்தில் கரைத்தீர்கள்? முதலில் கேட்க வேண்டியது இதுதான். டிஜிஎஃப்-பீட்டாவை 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைப்பது வழக்கம். ஒரே ஆய்வகத்தில் இரண்டு புரதமும் இருந்தால் அதே அமிலக் குப்பியை ஐஎல்-10-க்கும் எடுத்துவிடுகிறார்கள். ஐஎல்-10 இரண்டு இழைகள் சகப்பிணைப்பு ஏதும் இல்லாமல் பின்னிச் சேர்ந்தால்தான் வேலை செய்யும். அமிலத்தில் அந்த இரட்டை பிரிந்துவிடும். இந்த ஒரு தவறு நடந்திருந்தால் மேற்கொண்டு தேட வேண்டியதில்லை. அந்தக் குப்பியை விட்டுவிட வேண்டியதுதான். ஐஎல்-10-க்கு நடுநிலை பிஎச் உள்ள, கிருமி நீக்கிய கரைசல் வேண்டும். எது என்பதை உங்கள் லாட்டின் (தயாரிப்புத் தொகுதியின்) தாள் சொல்லும். பழைய லாட்டின் தாளை வைத்துக்கொண்டு புதியதைக் கரைக்காதீர்கள்.

நுரைத்ததா? வோர்டெக்ஸில் வைத்தோ பிப்பெட்டால் வேகமாக ஏற்றி இறக்கியோ நுரை வந்திருந்தால், காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் புரதம் குலைந்து நூலாகத் திரியும்.

அல்புமினா? கரைப்பானை மட்டும் ஒரு குழாயில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். அதிலேயே துகள் தெரிந்தால் பழி ஐஎல்-10 மேல் இல்லை.

மூன்றும் இல்லையென்றால் 4 டிகிரியில் 10,000 ஜி விசையில் ஐந்து நிமிடம் சுற்றி, மேல்திரவத்தை மட்டும் எடுத்து அளந்து பயன்படுத்தலாம். 0.2 மைக்ரான் வடிகட்டியில் மட்டும் செலுத்தாதீர்கள். இவ்வளவு சிறிய அளவில் புரதத்தில் பெரும் பங்கு வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

கலங்கல் நாளுக்கு நாள் கூடினால் அது புரதம் இல்லை, கிருமி. ஒரு துளியை நுண்ணோக்கியில் பாருங்கள்.

## அறிகுறி: டிஎன்எஃப் குறையவே இல்லை

அதிகம் வரும் புகார் இதுதான் என்பதால் நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம்.

### கிளை 1: எல்பிஎஸ் மட்டும் போட்ட குழியிலும் டிஎன்எஃப் ஏறவில்லை

ஏறாததைக் குறைக்க முடியாது. ஐஎல்-10-ஐ மறந்துவிட்டு எல்பிஎஸ்-ஐப் பாருங்கள். எல்பிஎஸ் குழாய்ச் சுவரில் ஒட்டும், கட்டியாகவும் திரளும். ஐஎல்-10 விஷயத்தில் வோர்டெக்ஸ் கூடாது என்றேன். எல்பிஎஸ் விஷயத்தில் ஒவ்வொரு முறையும் நன்றாக வோர்டெக்ஸ் செய்தே எடுக்க வேண்டும். சீரம் இல்லாத ஊடகத்தில் குறைந்த அளவு எல்பிஎஸ்-க்குச் செல்கள் மந்தமாகவே பதில் சொல்லும். எல்பிஎஸ்-ஐப் பிடித்து ஏற்பிக்குக் கொடுக்கும் புரதம் சீரத்தில்தான் இருக்கிறது.

இரண்டும் சரியென்றால் செல்கள். ரா 264.7 என்ற சுண்டெலி மேக்ரோபேஜ் செல்களை மாதக்கணக்கில் கடத்திக் கடத்தி வளர்த்திருந்தால் அவற்றின் குணம் மாறியிருக்கும். பழைய உறைகுப்பி ஒன்றை எழுப்பிப் புதிதாகத் தொடங்குங்கள். மைக்கோபிளாஸ்மா பிசிஆர் சோதனையும் செய்துவிடுங்கள். வெளி ஆய்வகத்துக்கு அனுப்பத் தயங்க வேண்டிய சோதனை அல்ல இது.

### கிளை 2: எல்பிஎஸ் குழியில் ஏறுகிறது, ஐஎல்-10 சேர்த்தாலும் அதே அளவு

எலைசா உச்சத்தில் முட்டுகிறதா? செலவே இல்லாத சோதனை. இரண்டாவது, மூன்றாவது குழிகளின் அளவீடுகள் தரவளைவின் உச்சியைத் தாண்டியிருந்தால் வேறுபாடு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பல டிஎன்எஃப் எலைசாக்களின் உச்சத் தரம் மில்லிலிட்டருக்கு 1,000 பிகோகிராம் அளவில் நிற்கும். எல்பிஎஸ் பெற்ற ரா செல்கள் அதைப்போல் பல மடங்கு சுரக்கும். மேல்திரவத்தை 1-க்கு 20, 1-க்கு 100 என நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். 'கெட்டுப்போன' புரதம் இந்த இடத்திலேயே உயிர்த்தெழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எல்பிஎஸ் அளவு கூடுதலா? மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் எல்பிஎஸ் என்று பழைய ஆய்வேட்டிலிருந்து எடுத்துப் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்த வெள்ளத்தில் ஐஎல்-10-இன் தடுப்பு மங்கிப்போகும். 1, 10, 100 நானோகிராம் என மூன்று அளவில் போட்டுப் பாருங்கள்.

நேரம்? எல்பிஎஸ் கொடுத்துப் பல மணி நேரம் கழித்து ஐஎல்-10 சேர்த்தால், ஏற்கெனவே சுரந்து ஊடகத்தில் கலந்துவிட்ட டிஎன்எஃப்-ஐ அது திரும்ப வாங்காது. முன்போ கூடவோ கொடுங்கள்.

செல் எந்த விலங்கினுடையது? சுண்டெலி ஐஎல்-10 மனித செல்களில் வேலை செய்யாது. மனித ஐஎல்-10 சுண்டெலி செல்களில் வேலை செய்யும். இந்த ஒருவழிப் பாதை பலருக்கும் தெரிவதில்லை. 'இரண்டு திசையிலும் பொருந்தும்' என்று நம்பி மனித டிஎச்பி-1 செல்களில் சுண்டெலிப் புரதத்தைப் போட்டுவிட்டு வருந்துகிறார்கள். டி செல்களுக்கும் ஓர் எச்சரிக்கை: ஐஎல்-10 டி செல்களை அடக்குவது பெரும்பாலும் மேக்ரோபேஜ் போன்ற துணைச் செல்கள் வழியாகவே. சுத்தமாகப் பிரித்த டி செல்களை ஆன்டிபாடியால் தூண்டிவிட்டு ஐஎல்-10 அடக்கவில்லை என்றால் அது புரதத்தின் குற்றம் இல்லை.

நீர்த்தல் கணக்கு. 5 மைக்ரோகிராமை 50 மைக்ரோலிட்டரில் கரைத்தால் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம். அதிலிருந்து 10 நானோகிராமுக்கு வர 10,000 மடங்கு நீர்க்க வேண்டும். ஒரே தாவலில் செய்ய அரை மைக்ரோலிட்டரைப் பிப்பெட்டில் எடுப்பவர்கள் உண்டு; அந்த அளவைப் பிப்பெட்டில் நம்பிக்கையாக எடுப்பது கடினம். நூறு மடங்கு, மறுபடி நூறு மடங்கு என இரண்டு படியாக இறங்குங்கள்.

குழாய்ச் சுவர் விழுங்கியதா? மில்லிலிட்டருக்குச் சில நானோகிராம் என்ற அளவில், துணைப் புரதம் இல்லாத பிபிஎஸ்-இல் ஐஎல்-10 பிளாஸ்டிக்கில் ஒட்டிக் காணாமல் போகும். நீர்த்த கரைசலை முந்தின நாளே தயாரித்து வைப்பதுதான் இதற்கு வழிவகுக்கிறது. 0.1 சதவீதம் அல்புமின் அல்லது 10 சதவீதம் சீரம் உள்ள ஊடகத்தில் நீர்த்து, அன்றைக்கே பயன்படுத்தி, மீதியைக் கொட்டிவிடுங்கள். ஒட்டாத வகைக் குழாய்கள் விலை கூடுதல்தான். ஆனால் ஒரு குப்பிப் புரதத்தின் விலையோடு பார்த்தால் அது பொருட்டில்லை.

### கிளை 3: எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் குறையவில்லை

இப்போதுதான் புரதத்தையே நேரடியாக விசாரிக்கும் நேரம். செல்களுக்கு ஐஎல்-10 கொடுத்து 15, 30 நிமிடத்தில் செல்களை உடைத்து, பாஸ்பேட் ஏறிய ஸ்டாட்-3-க்கு (ஐஎல்-10 ஏற்பி தூண்டிவிடும் செய்திப் புரதம்) வெஸ்டர்ன் பிளாட் ஓட்டுங்கள். ஸ்டாட்-3-ஐத் தூண்டும் இன்னொரு புரதமான ஐஎல்-6 கொடுத்த செல்களை ஒப்பீட்டுக்கு வையுங்கள்.

ஐஎல்-10-க்குப் பட்டை வந்தால் புரதம் நலமாக இருக்கிறது. அதன் மேல் இனி சந்தேகம் வேண்டாம்; கிளை 2-க்குத் திரும்புங்கள். ஐஎல்-6-க்கு வந்து ஐஎல்-10-க்கு வரவில்லை என்றால் இன்னொரு அலிகாட்டை (பிரித்து உறையவைத்த சிறு பங்கை) உருக்கிச் சோதியுங்கள். அதிலும் இல்லையென்றால் விற்பனையாளரின் தொழில்நுட்பப் பிரிவை அழைக்க வேண்டிய நேரம் இதுவே. இரண்டுக்கும் வரவில்லை என்றால் உங்கள் பிளாட்டில்தான் கோளாறு.

நிறுவனங்கள் இந்தப் புரதத்தின் செயல்திறனை எம்சி-9 என்ற சுண்டெலி மாஸ்ட் செல்லின் பெருக்கத்தை வைத்து அளக்கின்றன. அந்தச் சோதனையை நாமே நடத்திப் பார்க்கலாமே என்று கேட்கிறார்கள். வேண்டாம். அந்தச் செல்லை வாங்கி, அதற்கென ஊடகம் தயாரித்து, பழக்கத்துக்குக் கொண்டுவரும் செலவில் இன்னொரு குப்பி வாங்கிவிடலாம்.

## அறிகுறி: ஐஎல்-10 மட்டும் போட்ட குழியிலேயே டிஎன்எஃப் ஏறுகிறது

எண்டோடாக்சின். அது எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. மாணவர்கள் உடனே குப்பியைக் காட்டுவார்கள். சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் லாட்டின் சான்றிதழ் மைக்ரோகிராமுக்கு 1 எண்டோடாக்சின் அலகுக்கும் குறைவு என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் போடுவது மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம். அப்படியானால் குழியில் சேர்வது மில்லிலிட்டருக்கு அதிகபட்சம் 0.01 அலகு. ஓர் அலகு ஏறத்தாழ 0.1 நானோகிராம் எல்பிஎஸ். ஆகவே குழியில் இருப்பது மில்லிலிட்டருக்கு 1 பிகோகிராம் அளவே. அது சுண்டெலி மேக்ரோபேஜைக் கிளப்பப் போதாது. சான்றிதழ் உண்மையென்றால், இந்த அளவில் டிஎன்எஃப் ஏறுவதற்கு வேறு ஊற்று இருக்கிறது. நீங்கள் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் போடுகிறீர்கள் என்றால் மட்டுமே குப்பி உண்மையான சந்தேகத்துக்கு உரியது.

ஏழாவது குழியைப் பாருங்கள்.

ஏழாவதிலும் ஏறியிருந்தால் கரைப்பான்தான். இரண்டு இடங்கள். ஒன்று அல்புமின்: சாதாரண வகை மாட்டு அல்புமினில் எண்டோடாக்சின் கணிசமாக இருக்கும். எண்டோடாக்சின் குறைந்தது என்று குறிப்பிட்டு விற்கும் வகையைத் தனியாக வாங்கி, உங்கள் பெயரெழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தண்ணீர். ஆய்வகச் சுத்திகரிப்புக் கருவியின் வடிகட்டி மாற்றும் தேதி தாண்டியிருக்கலாம். தண்ணீர் கேனில் நாள்கணக்கில் நின்றிருக்கலாம். "ஆட்டோகிளேவ் செய்துவிட்டேனே" என்பார்கள். ஆட்டோகிளேவ் பாக்டீரியாவைக் கொல்லும், அதன் எண்டோடாக்சினை அழிக்காது. கண்ணாடிக் கலன்களை 250 டிகிரி உலர் சூட்டில் அரை மணி நேரம் வைத்தால்தான் அது அழியும். தண்ணீருக்கு அந்த வழியில்லை. ஊசிமருந்துத் தரத் தண்ணீரை வாங்குவதே சுலபம், மலிவும்கூட.

ஏழாவது சுத்தம், நான்கும் ஆறும் ஏறியிருந்தால் இப்போது குப்பியின் மேல் சந்தேகம் நியாயமானது. எல்பிஎஸ்-ஐப் பிடித்து முடக்கும் பாலிமிக்சின்-பி மருந்தை மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் சேர்த்து மறுபடி போடுங்கள். டிஎன்எஃப் இறங்கினால் எல்பிஎஸ் உறுதி. இறங்காவிட்டால் ஈ.கோலியின் லிப்போபுரதம் போன்ற வேறு மாசாக இருக்கலாம். பாலிமிக்சின் அதைத் தொடாது. சி3எச்-ஹெச்இஜே சுண்டெலியின் மேக்ரோபேஜ் கிடைத்தால் இன்னும் தெளிவாகிவிடும். அந்த இனத்தில் எல்பிஎஸ்-ஐ உணரும் டிஎல்ஆர்-4 மரபணு பழுதானது என்று 1998-இல் தெரியவந்தது. எல்பிஎஸ்-க்கு அதன் செல்கள் அசையாது.

நான்காவது சுத்தம், ஆறாவது மட்டும் ஏறியிருந்தால் மிகவும் கவனமாக இருங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். ஐஎல்-10 உயிரோடு இருக்கும்போது தன்னோடு வந்த எண்டோடாக்சின் கிளப்பும் டிஎன்எஃப்-ஐத் தானே அடக்கிவிடுகிறது. நான்காவது குழி சுத்தமாகத் தெரிகிறது. கொதிக்கவைத்துப் புரதத்தைக் குலைத்ததும் மாசு வெளிப்படுகிறது. ஐஎல்-10 போன்ற அடக்கும் புரதத்தோடு வேலை செய்பவர்களுக்கு நான்காவது குழி மட்டும் போதாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எண்டோடாக்சினை அளக்கும் எல்ஏஎல் சோதனைக்கு வெளியே அனுப்புவதென்றால் பீட்டா-குளுகான் குறுக்கீட்டைத் தடுக்கும் கரைசலோடு செய்யச் சொல்லுங்கள். செல்லுலோஸ் வடிகட்டியிலிருந்து வரும் குளுகான் அந்தச் சோதனையில் பொய்யாக ஏற்றிக் காட்டும். கரைப்பானையும் தனி மாதிரியாகச் சேர்த்து அனுப்புங்கள்.

## அறிகுறி: கொதிக்கவைத்த புரதமும் டிஎன்எஃப்-ஐக் குறைக்கிறது

முடிவு அழகாக வந்ததால் யாரும் புகார் சொல்லாத பிழை இது. ஆய்வேடு வரைக்கும் போய்விடும் என்பதால் எனக்கு இதுதான் அதிகக் கவலை.

முதலில் செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று எம்டிடி சோதனை செய்யுங்கள். செத்த செல் டிஎன்எஃப் சுரக்காது.

செல்கள் நலம் என்றால், முன்கூட்டியே எவ்வளவு நேரம் புரதம் கொடுத்தீர்கள்? இரவு முழுவதும் என்றால் விடை கிடைத்துவிட்டது. குறைந்த அளவு எண்டோடாக்சினில் ஓர் இரவு இருந்த மேக்ரோபேஜ், மறுநாள் எல்பிஎஸ் கொடுத்தால் குறைவாகவே பதில் சொல்லும். அந்தச் சகிப்புத்தன்மையை ஐஎல்-10-இன் வேலை என்று எண்ணிவிடுவோம். முன்கூட்டிக் கொடுக்கும் நேரத்தை ஒரு மணிக்குச் சுருக்கி மறுபடி பாருங்கள். குறைவு மறைந்தால் மாசுதான் காரணம்.

செலவு பிடித்த, ஆனால் உறுதியான சோதனை: சுண்டெலி ஐஎல்-10 ஏற்பியை மறைக்கும் 1பி1.3ஏ ஆன்டிபாடியை முன்னதாகக் கொடுங்கள். உண்மையான ஐஎல்-10 விளைவு என்றால் டிஎன்எஃப் திரும்ப ஏற வேண்டும். ஆய்வேட்டில் இந்த ஒரு படம் இருந்தால் மதிப்பீட்டாளரின் பல கேள்விகள் அடங்கிவிடும்.

## அறிகுறி: முதலில் நன்றாக இருந்தது, பிறகு மங்கிவிட்டது

ஃப்ரீசரைப் பாருங்கள்.

அலிகாட் போட்டீர்களா, ஒரே குழாயை உருக்கி உருக்கி மறுபடி உறையவைத்தீர்களா? ஒவ்வோர் உறைதலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஐஎல்-10-க்கு இதில் தனிச் சிக்கலும் உண்டு: சோடியம் பாஸ்பேட் கரைசல் மெதுவாக உறையும்போது ஓர் உப்பு முந்திப் படிந்து, மீதித் திரவம் அமிலமாகும். அமிலம் இந்தப் புரதத்தை என்ன செய்யும் என்று மேலே சொன்னேன். அல்புமின் சேர்த்து, 10 முதல் 20 மைக்ரோலிட்டர் அலிகாட்டுகளாக, விரைவாக உறையவைத்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். 10-க்கும் குறைவாக வேண்டாம். குழாய்ச் சுவரும் ஆவியாதலும் அதைத் தின்றுவிடும்.

பனி தானாக உருகும் வீட்டு வகை ஃப்ரீசரில் வைத்திருந்தால் உடனே மாற்றுங்கள். பனியை உருக்க அந்த ஃப்ரீசர் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்கிறது. கதவுப் பக்கத் தட்டும் வேண்டாம்.

பிறகு மின்வெட்டு. ஜெனரேட்டர் ஓடியது என்று சொன்னால் போதாது. மின்சாரம் மாறிய பிறகு ஃப்ரீசர் தானாகத் திரும்பத் தொடங்கியதா, எச்சரிக்கை மணியை அணைத்துவிட்டார்களா என்று பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த நாள்களைக் கடந்து வந்த பெட்டிகளில் இன்னும் ஏதாவது அலிகாட் மிச்சம் இருந்தால், முக்கியமான சோதனைக்கு அதை எடுக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அலிகாட்டுகளை இரண்டாகப் பிரித்து, இன்னொரு கட்டடத்தின் ஃப்ரீசரில் பாதியை வைக்க நண்பர்களிடம் கேட்டுவையுங்கள்.

மைனஸ் 80 பெட்டி மைனஸ் 65-க்கு மேல் ஏறி இறங்கவில்லை என்றால் நீங்களே திறந்து பார்க்காதீர்கள். பொருள்களை இடம் மாற்றிவிட்டுக் குளிர்பதனத் தொழில்நுட்பரை அழையுங்கள்.

## அறிகுறி: புதிய லாட் பழையதைப் போல் இல்லை

எடைக்கு எடை போட்டிருப்பீர்கள். இரண்டு சான்றிதழ்களிலும் பாதிச் செயலளவை, அதாவது பாதி விளைவைத் தரும் செறிவைப் பாருங்கள். பழைய லாட்டுக்கு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம், புதியதற்கு 2 நானோகிராம் என்றால், முதலாவதில் மில்லிகிராமுக்கு 10 லட்சம் அலகு, இரண்டாவதில் 5 லட்சம். எடையை விட்டு அலகால் அளந்து போடுங்கள். ஒரு முழு ஆய்வுக்கு வேண்டிய புரதத்தை ஒரே லாட்டில் வாங்குவதே நல்லது. கொள்முதல் கடிதத்தில் அதைக் கேட்டு எழுதலாம்.

## அறிகுறி: ஜெல்லில் எதிர்பாராத பட்டை

18 கிலோடால்டன் அருகே பட்டை வந்து, 37 அருகே இல்லை என்றால் அது இயல்பு. இரட்டை இழை எஸ்டிஎஸ் கரைசலில் பிரிந்துவிடும். 66 அருகே தடித்த பட்டை என்றால் துணைப் புரதமான அல்புமின். தூளிலேயே அது சேர்ந்திருக்கிறதா என்று தாளில் பாருங்கள். 18-க்குக் கீழே பல பட்டைகள் சிதறியிருந்தால் புரதம் அறுபட்டிருக்கிறது. சரியான எடை வேண்டுமென்றால் நிறை நிறமாலைக்கு அனுப்பலாம். சென்னை ஐஐடி வளாகத்தில் இருப்பது போன்ற பொதுக் கருவி மையங்கள் வெளி ஆய்வாளர்களின் மாதிரிகளையும் ஏற்கின்றன. ஆனால் அல்புமின் கலந்த மாதிரியை அனுப்பினால் அல்புமினைத்தான் பார்ப்பீர்கள்.

## அறிகுறி: செல்கள் ஏராளமாக ஐஎல்-10 சுரப்பதாக எலைசா காட்டுகிறது

நீங்கள் ஊற்றியதையே அளக்கிறீர்கள். செல்லின் சொந்தச் சுரப்பு வேண்டுமென்றால் ஆர்என்ஏ எடுத்துப் பிசிஆர் செய்யுங்கள்.

## விற்பனையாளரை அழைக்கும்போது

'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் பொதுவான பதிலே வரும். லாட் எண், வந்த தேதி, பெட்டியின் படம், எந்தக் கரைசலில் எந்தச் செறிவில் கரைத்தீர்கள், எத்தனை முறை உருக்கினீர்கள், ஏழு குழிகளின் எண்கள், ஸ்டாட்-3 படம் ஆகியவற்றை ஒரே கடிதத்தில் அனுப்புங்கள். அதே லாட்டைப் பற்றி வேறு புகார் வந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். நிறுவனம் சேமித்து வைத்துள்ள அதே லாட் மாதிரியை மறுசோதனை செய்யும்படி கோரலாம். பதில் வரும்வரை குப்பியையும் மிச்ச அலிகாட்டுகளையும் எறிந்துவிடாதீர்கள். மாற்றுக் குப்பி தர ஒப்புக்கொள்பவர்கள் சில நேரம் பழையதைத் திருப்பிக் கேட்பார்கள்.